வசந்தன் திருப்பி அனுப்பிய மனு

இந்துஜா வந்த வேகத்தில் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. செம்பனை ஆலையின் எண்ணெயும் மண்ணும் ஒட்டிய காலோடு நேராகச் சமையலறைக்குள் வந்து நின்றாள். வசந்தன் கெம்போங் மீன் பொரித்துக்கொண்டிருந்தான்.

"வசந்த், அடுப்பை அடைங்க."

"மீன் இன்னும் வேகலையே."

"மீன் கிடக்கட்டும் லா! எனக்குப் போஸ்டிங் வந்திருச்சு. பாப்புவா நியூகினி! ரெண்டு வருஷம்! புது மில்லுக்கு நான்தான் இன்ஜினியர். வீடு குடுக்கிறாங்க, ஹஸ்பண்டுக்கும் டிக்கெட் குடுக்கிறாங்க!"

வசந்தன் குதித்தான். குதித்த குதியில் கரண்டியிலிருந்த எண்ணெய் அவன் பாதத்தில் தெறித்தது. சுருக்கென்று சுட்டது, அவன் அதைக் கவனிக்கவே இல்லை. முப்பத்து நாலு வயதாகிறது, இன்னும் விமானத்தில் கால் வைத்ததில்லை. கெமாஸ் பக்கம் நாலாங்கட்டைத் தோட்டத்தில் பிறந்தவன். சின்ன வயதில் ரயிலேறிச் சிரம்பானுக்கு வந்ததே அவனுக்கு வெளிநாட்டுப் பயணம் மாதிரிதான். அன்று மாலை முழுக்கப் போனில் அந்தத் தீவின் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதி மீன் கருகிப்போனதை இருவரும் சிரித்துக்கொண்டே தின்றார்கள்.

மறுநாள் அப்பாவுக்குப் போன் போட்டான். அப்பா ராமகிருஷ்ணன் தோட்டத்தில் ஆட்களை அதட்டி வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். மண்டோர் வேலை போனாலும் மண்டோர் குரல் போகவில்லை.

"ஏண்டா, பெண்டாட்டி பின்னாடி புருஷன் போறதா? நல்ல காலம்டா இது! சரி, போ. மருமக நல்லா வரட்டும். ஆனா ஒண்ணு. அரசாங்க வேலைய விட்டுட்டுப் போனேன்னு கேள்விப்பட்டேன், அப்புறம் நாலாங்கட்டைப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தத் தோட்டத்து நாற்பது வீட்டில் முதன்முதலில் அரசாங்க வேலைக்குப் போனவன் வசந்தன். நியமனக் கடிதம் வந்த அன்று ராமகிருஷ்ணன் அதற்கு நகல் எடுத்து, சட்டம் போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். இன்றும் அது அங்கேதான் தொங்குகிறது. அவருடைய இதயத்துக்கு மருந்தும் மாத்திரையும் வருவது மகனுடைய வேலையின் சலுகையில்தான். தோட்டத்து முதலாளிகள் பாதி நிலத்தை விற்றுவிட்டார்கள், அங்கே புது வீடுகள் எழும்பிவிட்டன. மிச்சப் பாதி என்றைக்குப் போகுமோ தெரியாது. அந்தக் குடும்பத்தில் யாரும் பிடுங்க முடியாத ஒன்று உண்டென்றால், அது அந்த வேலைதான்.

"கவலைப்படாதீங்கப்பா. துணையோட போறதுக்குன்னே ஒரு லீவு இருக்கு. சம்பளம் கிடையாது, வேலை அப்படியே இருக்கும். அந்த லீவுப் பாரத்தைப் பார்க்கிற கிராணியே நான்தானே! என் பாரத்தை நானே பாஸ் பண்ணிக்க வேண்டியதுதான்."

இதுதான் வாய்க்கொழுப்பு என்பது.

வசந்தன் சிரம்பானில் ஓர் அரசாங்க அலுவலகத்தில், விடுப்புப் பிரிவில், பதினோரு வருஷமாகக் கிராணி, அதாவது குமாஸ்தா. அங்கே அவனுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: 'திருப்பி வசந்தன்'. ஒரு மனுவில் ஒரு கையெழுத்து குறைந்தாலும் சரி, ஒரு நகலில் 'அசலைப் போன்றதே' என்று அதிகாரியின் முத்திரை விழாமல் இருந்தாலும் சரி, சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவான். தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேச்சே கிடையாது. லஞ்சம் வாங்காத கை, தாமதமாக வராத கால். ஆனால் மனு கொடுக்கிறவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கிற கண் மட்டும் அவனுக்கு இல்லை.

விடுப்பு மனுவோடு இரண்டு காகிதம் வைக்க வேண்டும். மனைவியின் நியமனக் கடிதம் ஒன்று. முத்திரை குத்திய கல்யாணச் சான்றிதழ் நகல் இன்னொன்று. முதலாவது கையில் இருந்தது. இரண்டாவது அம்பாங்கானில், மாமியார் கமலாதேவியின் அலமாரியில் பத்திரமாக இருந்தது. அப்படித்தான் அவன் மூன்று வருஷமாக நம்பிக்கொண்டிருந்தான்.

கமலாதேவி யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். அப்பா கிராணி, தாத்தா கிராணி, செத்துப்போன கணவரும் ரயில்வேயில் கிராணி. வீட்டில் மின்சாரக் கட்டண ரசீதுகூட ஆண்டுவாரியாக அடுக்கியிருக்கும். மாசக் கடைசிச் சனிக்கிழமை இருவரும் போய்க் கேட்டதும், பட்டுச் சேலைகளுக்கு அடியில் கைவிட்டு ஒரு பழுப்பு உறையை எடுத்துக் கொடுத்தார். வசந்தன் பிரித்தான். உள்ளே சான்றிதழ் இல்லை. கல்யாணப் பதிவுக்கான விண்ணப்பப் பாரம்தான் இருந்தது. அவன் கையெழுத்து, அவள் கையெழுத்து, கோயிலில் சிந்திய குங்குமக் கறை. பதிவு அதிகாரியின் கையெழுத்து இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகக் கிடந்தது.

"அத்தை, இதை நீங்க ஆபிஸ்ல குடுக்கலையா?"

"அண்டைக்குக் கந்தோர் பூட்டிக் கிடந்தது தம்பி. கொரோனாக் காலம் எல்லே! பிறகு நீங்கள் அரசாங்க உத்தியோகத்தர், நீங்கள் பார்த்துச் செய்திருப்பீங்கள் எண்டு நினைச்சு வைச்சிட்டன்."

"ஐயோ அத்தை! நீங்க மூணு தலைமுறைக் கிராணி வீடு. பேப்பர் வேலையெல்லாம் நீங்க பார்த்திருப்பீங்கன்னுல்ல நான் நினைச்சேன்!"

இரண்டு கிராணி வீடு சேர்ந்து ஒரே ஒரு காகிதத்தைக் கோட்டைவிட்டது! தோட்டத்துச் சனம் யாராவது இருந்திருந்தால் மறுநாளே போய்ப் பதிந்திருப்பார்கள். அதைவிடக் கேவலம் என்ன தெரியுமா? ஆயிரம் பேருடைய பாரத்தில் குறை கண்டுபிடித்தவன், கல்யாண நாளில் கழுத்தில் மாலையோடு, வேர்த்து வழிந்து, இது பதிவேடா விண்ணப்பமா என்றுகூட வாசிக்காமல் விரல் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறான். பிறகு ஊரார் சேவைப் புத்தகத்திலெல்லாம் கல்யாணத்தை எழுதியவன், தன் புத்தகத்தில் எழுத நேரமில்லாமல் தள்ளிப்போட்டிருக்கிறான். விளக்குக்கு அடியில் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

இந்துஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்போ மூணு வருஷமா நான் உங்களுக்கு யாரு வசந்த்?"

"சிவ சிவா! என்ன கதை கதைக்கிறாய்!" என்று கமலாதேவி காதைப் பொத்திக்கொண்டார். அப்புறம் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்து, "என்னாலதானே எல்லாம்" என்றார். கண் கலங்கிவிட்டது.

இரண்டாம் தேதி திங்கட்கிழமை, கதவு திறக்கும் முன்பே இருவரும் பதிவு அலுவலக வாசலில் நின்றார்கள். பழைய பாரம் செல்லாது. புதிதாக மனுக் கொடுத்து, இருபத்தோரு நாள் அறிவிப்புப் பலகையில் பெயர் தொங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பதிவு. கிடைத்த நேரம் இருபத்து நாலாம் தேதி, செவ்வாய், மதியம் இரண்டரை மணி.

வசந்தன் அந்தக் காகிதத்தோடு தன் அதிகாரி புவான் ரொஹானாவிடம் ஓடினான். அவர் நாட்காட்டியைப் பார்த்தார், வசந்தனைப் பார்த்தார், மறுபடி நாட்காட்டியைப் பார்த்தார்.

"வசந்தன், விடுப்புக் குழுவுக்குக் கோப்பு போவது இருபத்து நாலாம் தேதி மாலை ஐந்து மணிக்கு. அதை விட்டால் மூன்று மாதம்" என்றார் மலாயில்.

இந்துஜாவின் கம்பெனியும் அதே கதைதான் சொன்னது. குடும்பத்தோடு போகிறவர்களின் பட்டியல் இருபத்து நாலாம் தேதி ஐந்து மணிக்கு மூடும், நீலாய் அலுவலகத்தில் அசல் சான்றிதழைக் காட்ட வேண்டும், அடுத்த பட்டியல் அடுத்த வருஷம். ஆக, கையெழுத்துப் போட்டதிலிருந்து இரண்டு இடத்துக்கும் போய்ச் சேர இரண்டரை மணி நேரம் இருந்தது. பிசகினால் ஒன்று இந்துஜா தனியாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் வசந்தன் வேலையை விட வேண்டும். ராஜினாமாவுக்கு எந்த நகலும் வைக்க வேண்டாம், எந்த முத்திரையும் வேண்டாம். அது ஒன்றுதான் சுலபமான பாரம்.

ஆனால் அந்த இருபத்தோரு நாளை வசந்தன் பயந்துகொண்டு மட்டும் கழித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது அவனுக்கு! மதிய இடைவேளையில் மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போவான். பலகையில் தன் பெயரும் அவள் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குவதை ஒரு முறை பார்த்துவிட்டு வருவான். "யாரும் ஆட்சேபம் சொல்லலையே?" என்று இந்துஜா போனில் கேட்பாள். "நீ சொன்னாத்தான் உண்டு" என்பான். முதல் கல்யாணத்துக்குக்கூட அவர்கள் இப்படி நாள் எண்ணவில்லை.

அப்படி ஒரு நாள் பலகைக்கு முன்னால் நிற்கும்போதுதான் அவனுக்கு மாதவி நினைவு வந்தது.

மாதவி நாலாங்கட்டைத் தோட்டத்தில் அவன் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிப் பிறந்தவள். அரசாங்கத் தாதி. அவளுடைய கணவருக்கு டோஹாவில் வேலை கிடைத்தபோது, இதே விடுப்புக்கு மனுப் போட்டாள். அப்போது அவளுக்கு மூன்று மாதம். வசந்தன் அந்த மனுவை மூன்று தடவை திருப்பி அனுப்பினான். முதல் தடவை ஒரு தேதி. இரண்டாம் தடவை ஒரு கையெழுத்து. மூன்றாம் தடவை கல்யாணச் சான்றிதழ் நகலில் முத்திரை இல்லை. அதற்குள் காலம் கடந்துவிட்டது. கணவர் தனியாகப் போனார். பிள்ளையை அவர் முதன்முதலில் தூக்கியபோது அதற்குப் பதினாலு மாதம். யாரப்பா இந்த ஆள் என்று அது வீறிட்டு அழுததாம். ஆறு வருஷமாகிறது, மாதவி வசந்தன் வீட்டாரோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. 'சட்டப்படிதானே செய்தேன்' என்று அவன் அதை அத்தோடு மறந்திருந்தான். இப்போது அந்தப் பலகைக்கு முன்னால் அந்தச் சமாதானம் எடுபடவில்லை. ஒரு போன் போட்டு, அக்கா, முத்திரை ஒன்றுதான் குறைகிறது, ஓடி வாங்க என்று சொல்லியிருக்கலாம். சொல்லக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சி ரூசாவில் அவள் வீட்டுக்குப் போனான். கடற்கரைச் சாலையை ஒட்டிய வீடு. ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று கதவைத் திறந்து, "அம்மா, யாரோ அங்கிள்" என்று கத்தியது. மாதவி வந்து பார்த்தாள். உட்காரச் சொல்லவில்லை.

வசந்தன் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான். பட்டுச் சேலைக்கு அடியில் கிடந்த உறை, இருபத்தோரு நாள், ஐந்து மணி. கடைசியில், "உங்க பாரத்தைத் திருப்பினது தப்பு அக்கா. அன்னைக்குப் புரியல. இப்போ அனுபவிக்கிறேன்" என்றான்.

மாதவியின் உதட்டோரம் துடித்தது. துடிப்பு சிரிப்பானது. சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"திருப்பி வசந்தனுக்கே கல்யாண சூராட் இல்லையா! அடக் கடவுளே! சாட்சிக்கு யாரு?"

"அப்பா ஒருத்தர். இன்னொருத்தர் இனிமேதான் பார்க்கணும்."

"எத்தனை மணிக்கு?" என்றாள் மாதவி.

இருபத்து நாலாம் தேதி வந்தது. ராமகிருஷ்ணன் வெள்ளை வேட்டியும் கழுத்தில் துண்டுமாக, அதிகாலை ரயிலுக்கே கெமாஸிலிருந்து வந்திறங்கினார். கமலாதேவி மல்லிகைச் சரத்தோடு வந்தார். மாதவி தாதி உடையிலேயே வந்தாள். பதிவு அலுவலகத்தில் சரியான கூட்டம். இவர்களுக்கு முன்னால் ஒரு சோடி, கூடவே இருபது உறவுக்காரர்கள், ஆளுக்கொரு போன். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் படம் பிடித்து முடிவதற்குள் மணி இரண்டு ஐம்பது.

கமலாதேவி கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தவித்தார். "இண்டைக்குச் செவ்வாய். மூண்டு மணிக்கு ராகுகாலம்!" ராகுகாலத்தில் உப்புக்கூட வாங்காத மனுஷி அவர். அது முடிவது நாலரைக்கு. நாலரைக்கு மேல் கையெழுத்துப் போட்டால் ஐந்து மணிக்கு எங்கே போய்ச் சேர்வது?

பெயரைக் கூப்பிட்டபோது மூன்று அடித்து ஐந்து நிமிஷம்.

எல்லாரும் கமலாதேவியைப் பார்த்தார்கள். ராமகிருஷ்ணன் தன் மண்டோர் குரலை முடிந்தவரை இறக்கிக்கொண்டு, "சம்மந்தி, தாலிய நல்ல நேரத்துல கட்டியாச்சு. இது வெறும் காயிதம்" என்றார்.

"வெறும் கடுதாசி எண்டு நினைச்சுத்தானே அலுமாரிக்குள்ள வைச்சனான்!" என்றார் கமலாதேவி. மல்லிகைச் சரத்தை மகள் தலையில் செருகினார். "ராகுவை நான் பார்த்துக்கொள்ளுறன். போங்கோ, போய்க் கையெழுத்தைப் போடுங்கோ!"

மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறீர்களா என்று அதிகாரி கேட்டார். சம்மதம் என்று வசந்தன் போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இந்த முறை ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான். "வாசிச்சது போதும் லா, நேரமாச்சு!" என்று இந்துஜா அவன் விலாவில் குத்தினாள். ராமகிருஷ்ணன் சாட்சிக் கையெழுத்தை மெதுவாக, பள்ளிப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டார். மாதவி ஒரே இழுப்பில் போட்டாள்.

அசல் கையில் வந்தபோது மணி மூன்றே முக்கால். மாதவி அதை வாங்கிப் போய், மூலையிலிருந்த இயந்திரத்தில் தன் கையாலேயே இரண்டு நகல் எடுத்து வந்தாள். இந்துஜா அசலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அம்மாவையும் ஏற்றிக்கொண்டு நீலாய்க்குக் காரைப் பறக்கவிட்டாள். வசந்தன் நகலோடு மாதவியின் காரில் ஏறினான். பின் இருக்கையில் ராமகிருஷ்ணன், "சிக்னல் பச்சை! போம்மா, போ!" என்று வழிநெடுக மண்டோர் வேலை பார்த்தார். ஊருக்குள் ஒரு லோரி குறுக்கே நின்றுவிட்டது. அலுவலகப் படியேறியபோது நாலு முப்பத்தைந்து.

புவான் ரொஹானா மனுவைப் புரட்டினார். முதல் பக்கம் சரி. நியமனக் கடிதம் சரி. சான்றிதழ் நகலில் அவர் விரல் நின்றது.

"வசந்தன். முத்திரை எங்கே?"

வசந்தன் நகலைப் பிடுங்கிப் பார்த்தான். முத்திரை! அசலைப் பார்த்த ஓர் அதிகாரி நகலில் குத்த வேண்டிய முத்திரை! பதினோரு வருஷமாக ஊராரைப் படுத்தியவன், ஓடின ஓட்டத்தில் அதை மறந்தே போய்விட்டான். அசல் இப்போது நீலாயில் இருக்கிறது.

"புவான், நீங்களே..."

"நான் அசலைப் பார்க்கவில்லையே. பார்க்காமல் குத்தக்கூடாது, முத்திரை இல்லாமல் வாங்கக்கூடாது. இந்த ஆபீஸுக்கே அதைச் சொல்லிக் கொடுத்தது நீதான்" என்றார் அவர். திட்டவில்லை. அவருக்கும் முகம் வாடித்தான் இருந்தது.

வசந்தன் வெளியே வந்தான். தாழ்வாரத்து பெஞ்சில் மாதவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அப்பா, மகன் முகத்தைப் பார்த்ததும் பாதி எழுந்து நின்றார்.

"என்ன குறையாம்?" என்றாள் மாதவி.

"நகல்ல சாப்பா இல்ல அக்கா." அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாதவி அவனையே பார்த்தாள். சுவர்க் கடிகாரம் நாலு நாற்பத்திரண்டு.

"இதே பெஞ்சுதான் தம்பி" என்றாள். "வயித்துல பிள்ளையோட மூணு தடவை இங்க வந்து உட்கார்ந்தேன். உங்க மேசை இங்கேருந்து நல்லாத் தெரியும். ஒரு தடவைகூட நீங்க நிமிர்ந்து பார்க்கல."

ராமகிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டார். வசந்தன் நிமிர்ந்தான். இந்தத் தடவை அவள் கண்ணை நேராகப் பார்த்தான். "மன்னிச்சிருங்க அக்கா" என்றான். அவ்வளவுதான் வந்தது.

மாதவி கைப்பையைத் திறந்தாள். உள்ளே துழாவினாள். ஒரு சின்ன முத்திரைக் கட்டையை எடுத்தாள்.

"போன வருஷம் எனக்குப் பதவி உயர்வு. நானும் இப்போ அதிகாரிதான், தெரியுமா? அசலை வாங்கி என் கையால நகல் எடுத்திருக்கேன். இதுக்குக் கையெழுத்துப் போட எனக்கு என்ன பயம்?"

நகலை பெஞ்சின் மேல் வைத்து, பெஞ்சே அதிரும்படி ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். கையெழுத்தைப் போட்டாள். மை காய வாயால் ஊதினாள்.

"ஓடுங்க! என்னை மாதிரி உட்கார்ந்திருக்காதீங்க, ஓடுங்க!"

ஓடினான். புவான் ரொஹானா மனுவை வாங்கி, நாலு ஐம்பதுக்குப் பெற்றுக்கொண்டதாக எழுதிக் கோப்புக்குள் வைத்தார். அதே நேரம் பையில் போன் அதிர்ந்தது. "லிஸ்ட்ல உங்க பேரு ஏறிருச்சு வசந்த்!" என்று இந்துஜா கத்தினாள். பின்னால் கமலாதேவி முருகா முருகா என்று அழுவது கேட்டது. தாழ்வாரத்தில் ராமகிருஷ்ணன் துண்டை எடுத்துத் தலைக்கு மேல் சுழற்றினார். காவலாளி வந்து சத்தம் போடாதீர்கள் என்றான்.

இரண்டு வாரத்தில் விடுப்பு கிடைத்தது. விமானத்துக்கு முந்தின நாள் வசந்தன் மேசையை ஒழித்தான். இழுப்பறையில் திருப்பி அனுப்ப வேண்டிய மனுக்கள் ஏழு கிடந்தன. சிவப்புப் பேனாவை எடுத்தான், கீழே வைத்தான், தொலைபேசியை எடுத்தான்.

"ஹலோ, நான் விடுப்புப் பிரிவு வசந்தன் பேசறேன். உங்க பாரத்துல ஒரே ஒரு சாப்பா குறையுது. திருப்பி அனுப்பல, பயப்படாதீங்க. அஞ்சு மணிக்குள்ள ஓடி வாங்க. நான் வாசலைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கேன்."